பத்தாயிரத்துக்கு மேல் சம்பாதித்தால் காப்பீடு கிடையாதா?

ஆண்டுக்கு 1,20,000 ரூபாய். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பம் சேர்வதற்கு இருக்கும் வருமான உச்சவரம்பு இது. மாதக் கணக்கில் பத்தாயிரம். தாம்பரம், சேலையூர், சிட்லபாக்கம் பக்கம் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு வாடகையே எட்டாயிரம் கேட்கிறார்கள், முன்பணம் தனி. கணவர் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேன், மனைவி நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிறார் என்றால் அந்தக் குடும்பம் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். விதிப்படி அவர்களுக்குக் காப்பீட்டு அட்டை கிடையாது.

நான் அரசு மருத்துவமனைகளில் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சிட்லபாக்கத்தில் குடியிருக்கிறேன். எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் யாருக்காவது மருத்துவமனைக் காகிதம் புரியவில்லை என்றால், "சிஸ்டர், இதைக் கொஞ்சம் பாருங்க" என்று வந்துவிடுவார்கள். அப்படி வருகிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். இப்போது எழுதுவதற்கு ஒரு தேதியும் காரணம். யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் நிறுவனத்தோடு தமிழ்நாடு அரசு 2022 ஜனவரி 11 முதல் ஐந்து ஆண்டுகளுக்குச் செய்துகொண்ட ஒப்பந்தம் 2027 ஜனவரி 10 அன்று முடிகிறது. அடுத்த ஒப்பந்தத்தில் யார் உள்ளே, யார் வெளியே, எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்பதெல்லாம் மறுபடி எழுதப்படும். எழுதும் மேசையில் நிதித்துறை இருக்கும், காப்பீட்டு நிறுவனம் இருக்கும், மருத்துவமனைகளின் சங்கங்கள் இருக்கும். வாட்ச்மேன் குடும்பம் இருக்காது.

காப்பீட்டைக் குறைக்கிறோம் என்று எந்த அரசும் மேடை போட்டுச் சொல்லாது. உச்சவரம்பை நகர்த்தாமல் வைத்திருந்தாலே போதும். கலைஞர் காப்பீட்டுத் திட்டம் 2009 ஜூலை 23 அன்று தொடங்கியபோது வருமான வரம்பு 72,000 ரூபாய். அது 1,20,000 ஆக உயர்ந்தது 2022-ல். இடையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அதே 72,000. அந்தக் காலத்தில் வாடகை ஏறியது, கேஸ் விலை ஏறியது, கூலியும் கொஞ்சம் ஏறியது. கூலி ஏறிய ஒவ்வொரு குடும்பமும், கையில் எதுவும் மிஞ்சாமலேயே, கோட்டுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.  2022-ல் உயர்த்தியதைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்த 1,20,000-மும் அங்கேயே நிற்கிறது.

நடைமுறையில் என்ன நடக்கிறது தெரியுமா? இ-சேவை மையத்தில் வருமானச் சான்றுக்கு விண்ணப்பிக்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலர் நல்ல மனிதராக இருந்தால், குடும்ப நிலைமையைப் பார்த்து, வரம்புக்குள் ஒரு தொகையைப் பரிந்துரைத்துவிடுவார். கறாரானவர் என்றால் உள்ளதை எழுதுவார். இந்தத் திட்டம் தரும் ஐந்து லட்ச ரூபாய் சிகிச்சை ஒரு அலுவலரின் மனசைப் பொறுத்திருக்கிறது. உரிமையாக வர வேண்டியதை இரக்கமாக வாங்கிக்கொள்ளப் பழகிவிட்டோம்.

மாடம்பாக்கத்தில் ஒரு குடும்பத்தை எனக்குப் பல ஆண்டுகளாகத் தெரியும். சர்க்கரை நோயில் அவருக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரம் மூன்று முறை டயாலிசிஸ். தனியாரில் ஒரு தடவைக்கு ஆயிரத்து ஐந்நூறு என்று வைத்தால்கூட மாதம் பதினெட்டாயிரத்தைத் தாண்டும்; ஊசி, மாத்திரை, ஆட்டோ வேறு. காப்பீட்டு அட்டை இருப்பதால்தான் அவர் உயிரோடு இருக்கிறார். மகன் படிப்பை முடித்துவிட்டு உணவு டெலிவரி வேலைக்குப் போனான். வீட்டில் முதன்முதலாகக் கொஞ்சம் பணம் புழங்கியது. அப்போது அந்த அம்மா என்னிடம் வந்து கேட்டார்: "சிஸ்டர், புள்ள பேர ஸ்மார்ட் கார்டுல இருந்து எடுத்துடலாமா? அவன் சம்பளத்தைக் காட்டி அட்டையக் கட் பண்ணிட்டாங்கன்னா இவரு என்ன ஆவாரு?" பெற்ற பிள்ளையின் பெயரைக் குடும்ப அட்டையிலிருந்து நீக்கினால்தான் கணவரைக் காப்பாற்ற முடியும் என்று ஒரு பெண்ணை நினைக்க வைக்கும் விதியை யார் எழுதியிருந்தாலும், அது திருத்தப்பட வேண்டிய விதி.

இவர்களுக்கு மேலே இன்னொரு வரிசை இருக்கிறது. அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. தாம்பரம் சானடோரியத்தில் இருக்கும் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்துக்குக் காலை ஷிப்டில் ரயிலிலிருந்து இறங்கி நடந்து போகும் பெண்களைப் பாருங்கள். வேலை இருக்கும்வரை இ.எஸ்.ஐ. மருத்துவக் காப்பீடு உண்டு. அதன் சம்பள உச்சவரம்பு 21,000 ரூபாய். 2017 ஜனவரியில் வைத்தது. சம்பளம் 21,000-ஐத் தாண்டினால் இ.எஸ்.ஐ. நின்றுவிடும். வேலை போனாலும் சில மாதங்களில் நின்றுவிடும். மாநிலக் காப்பீட்டுக்கு வரலாம் என்றால், அங்கே மாதம் பத்தாயிரம் வரம்பு. இரண்டுக்கும் நடுவில் ஒரு பெரிய கூட்டம் நிற்கிறது: இ.எஸ்.ஐ. பிடிக்காத சின்னக் கடைகளில் வேலை செய்வோர், ஆட்டோ ஓட்டுநர்கள், பம்மல் தோல் பட்டறைகளில் தினக்கூலிக்குப் போவோர். "தனியார் பாலிசி எடுத்துக்கொள்ளட்டும்" என்று சொல்பவர்கள் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இருக்கும் ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணுக்கு ஒரு பாலிசி விலை கேட்டுப் பார்க்கட்டும். 2025 செப்டம்பரில் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி.யை நீக்கினார்கள். அது பிரீமியம் கட்டக்கூடியவர்களுக்கு உதவி. கட்ட முடியாதவருக்கு வரி பதினெட்டு சதவீதம் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன?

காகிதம் எப்படி ஒருவரை வெளியே தள்ளும் என்பதற்கு அமெரிக்காவில் கண்கூடான சாட்சி இருக்கிறது. அங்கே ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டின் பெயர் மெடிக்கெய்ட். 2018-ல் ஆர்கன்சா மாநிலம் ஒரு விதி கொண்டுவந்தது. மெடிக்கெய்ட் வேண்டுமானால் மாதம் 80 மணி நேரம் வேலை செய்வதாக இணையத்தில் பதிவு செய்ய வேண்டும். சில மாதங்களுக்குள் 18,000-க்கும் மேற்பட்டோர் காப்பீட்டை இழந்தார்கள். அவர்களில் பலர் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள், அல்லது உடல்நலக் காரணத்தால் விலக்குப் பெறத் தகுதி உள்ளவர்கள். பதிவு செய்யத் தெரியவில்லை, முடியவில்லை. 2019 மார்ச்சில் நீதிமன்றம் அதை நிறுத்தியது. அதே 80 மணி நேர விதி இப்போது 2025 ஜூலை 4 அன்று கையெழுத்தான சட்டத்தின் வழியாக அந்த நாடு முழுவதும் வருகிறது. 2027 தொடக்கத்தில் நடைமுறைக்கு வர வேண்டும் என்று இருக்கிறது. அந்தச் சட்டத்தால் 2034-க்குள் ஒரு கோடிப் பேர் கூடுதலாகக் காப்பீடு இல்லாமல் போவார்கள் என்று அவர்களுடைய நாடாளுமன்ற வரவுசெலவு அலுவலகமே கணக்கிட்டிருக்கிறது. நம் ஒப்பந்தம் முடிவதும் 2027 ஜனவரிதான். அவ்வளவு பணக்கார நாட்டில், இணைய வசதி இருக்கும் ஊரில், காகிதம் இத்தனை பேரை விழுங்கியது என்றால் இங்கே நாம் எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும்?

இங்கே காகிதம் என்றால் இதுதான்: ஸ்மார்ட் கார்டு, ஆதார், வருமானச் சான்று. மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போக வேண்டும். 2019 நவம்பருக்கு முன் தாம்பரத்துக்காரர்களுக்கு அது காஞ்சிபுரம். இப்போது செங்கல்பட்டு, அதுவும் ஊருக்கு வெளியே வெண்பாக்கத்தில். தினக்கூலிக்காரர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய், ஆதாரில் பெயருக்கு முன்னால் இனிஷியல் மாறியிருக்கிறது என்று திரும்பி வந்தால், இரண்டாம் முறை போக மாட்டார். நோய் வந்த பிறகுதான் போவார். அன்றைக்கு ஸ்ட்ரெச்சரில் இருப்பவருக்காக மகள் வெண்பாக்கத்தில் வரிசையில் நிற்பாள். முகாம்களில் பதிவு செய்ய வழி செய்தது நல்ல காரியம். ஆனால் ஐந்து நகராட்சி, ஐந்து பேரூராட்சிகளைச் சேர்த்து 2021-ல் மாநகராட்சி ஆக்கிய ஊர் தாம்பரம். 70 வார்டுகள். மண்டல அலுவலகங்களில் நிரந்தரமாக ஒரு பதிவு மேசை போட முடியாதா?

2011-ஐயும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அப்போது நான் வார்டில் இருந்தேன். ஆட்சி மாறியது. கலைஞர் காப்பீட்டுத் திட்டம் கைவிடப்படும் என்று அந்த ஜூனில் ஆளுநர் உரையில் அறிவித்தார்கள். புதிய திட்டம் தொடங்கியது 2012 ஜனவரி 11. புதியது பழையதைவிடப் பல வகையில் மேலானது. பழையதில் நான்கு ஆண்டுக்கும் சேர்த்து ஒரு லட்சம், புதியதில் ஆண்டுதோறும் ஒரு லட்சம், தனியார் நிறுவனத்துக்குப் பதில் பொதுத்துறை நிறுவனம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ஜூனுக்கும் ஜனவரிக்கும் நடுவில் பழைய அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு வந்து, "இது செல்லுமா சிஸ்டர்?" என்று கேட்டவர்களின் முகத்தை நான் மறக்கவில்லை. இதயத்தில் ஓட்டையோடு பிறந்த குழந்தைக்கு ஆட்சி மாற்றம் தெரியாது. 2027 ஜனவரி 10-க்கும் 11-க்கும் நடுவில் ஒரு மணி நேரம்கூட அப்படிப்பட்ட இடைவெளி இருக்கக் கூடாது.

இன்னொரு வகை வெட்டு மருத்துவமனை வாசலில் நடக்கிறது. சிகிச்சைக்குத் திட்டம் நிர்ணயித்த தொகை காலத்துக்கு ஏற்ப மாறாவிட்டால், மருத்துவமனை அந்தச் சிகிச்சையைத் தவிர்க்கும், அல்லது நோயாளியிடம் வித்தியாசத்தைக் கேட்கும். கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலையில் ஒரு தனியார் மருத்துவமனையில், இடுப்பெலும்பு முறிந்த ஒரு பாட்டிக்குத் துணையாகப் போயிருந்தேன். அட்டை இருந்தது, ஒப்புதலும் வந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்கு முந்தைய நாள் மாலை, "இம்ப்ளான்ட்டுக்குத் தனியா கட்டணும்" என்றார்கள். ரசீது கேட்டால் இல்லை. பேத்தி கம்மலைக் கழற்றி அடகு வைக்கக் கிளம்பிவிட்டாள். 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணுக்குப் பேசி, புகார் எண்ணை வாங்கி, அதை உதவி மேசையில் காட்டிய பிறகுதான் அந்தப் பேச்சு நின்றது. எனக்கு அந்த எண் தெரியும். பேத்திக்குத் தெரியவில்லை. பதிவு பெற்ற ஒவ்வொரு மருத்துவமனையிலும் அந்த எண்ணை, "கூடுதல் பணம் கட்டத் தேவையில்லை" என்ற வரியோடு, பணம் கட்டும் கவுன்டருக்கு மேலே பெரிய எழுத்தில் வைக்கச் சொல்லி ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும்.

மருத்துவமனைகளின் பக்கமும் பார்க்க வேண்டும். அரசு பாக்கி வைத்தால் அவை எத்தனை நாள் தாங்கும்? 2025 ஆகஸ்டில் ஹரியானாவில் தனியார் மருத்துவமனைகள் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டு நோயாளிகளைச் சேர்ப்பதை நிறுத்தின. செப்டம்பரில் தெலங்கானாவில் ஆரோக்கியஸ்ரீ காப்பீட்டுத் திட்டத்தில், அக்டோபரில் ஆந்திராவில் அதே கதை. காரணம் எல்லா இடத்திலும் நிலுவைத் தொகைதான். ஆந்திர முதலமைச்சராக இருந்த ராஜசேகர ரெட்டி 2007-ல் ஆரோக்கியஸ்ரீயைத் தொடங்கியபோது நாடே அதைத் திரும்பிப் பார்த்தது; நம்முடைய திட்டம் வந்தது அதற்குப் பிறகுதான். அந்த மண்ணிலேயே அட்டை இருந்தும் கதவு மூடியது.

இந்தப் பணத்தை அரசு மருத்துவமனைகளுக்கே கொடுத்துவிடலாமே, தனியாருக்கு ஏன் என்று என்னோடு வேலை பார்த்த பலர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. வாழ்நாள் முழுக்க அரசு மருத்துவமனையில் நின்றவள் நான்; முதல் ரூபாய் அங்கேதான் போக வேண்டும் என்று நம்புகிறேன். ஆனால் காப்பீட்டுத் தொகை அரசு மருத்துவமனைக்கும் வருகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். அட்டை உள்ள நோயாளிக்கு அரசு மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தால் அதற்கான தொகை அந்த மருத்துவமனைக்கே வரும். அதில் கருவி வாங்குவார்கள், பழுது பார்ப்பார்கள், ஊழியர்களுக்கு ஊக்கத்தொகை தருவார்கள். காப்பீட்டைக் குறைத்தால் அந்த வரவும் குறையும். கிண்டியில் 2023-ல் உயர் சிறப்பு மருத்துவமனை வந்தது, 2025-ல் தாம்பரத்தில் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் புதுக் கட்டடம் திறந்தார்கள். தென்புறநகர் மக்களுக்கு இவை பெரிய வரம். இவற்றை வலுவாக நடத்தவும் இந்தத் தொகை வேண்டும்.

பணம் எங்கே என்பார்கள். 2009-ல் ஒரு குடும்பத்துக்கு ஆண்டு பிரீமியம் 469 ரூபாய். 2022 ஒப்பந்தத்தில் 849. ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு இரண்டரை ரூபாய்கூட ஆகவில்லை. அடுத்த டெண்டரில் இது கூடும், நிச்சயமாகக் கூடும். அப்போது 1.37 கோடி குடும்பங்கள் இருக்கும் பட்டியலைச் சுருக்கலாம் என்ற யோசனை கோப்பில் ஏறும் என்பதுதான் என் பயம். மத்திய அரசு ஆயுஷ்மான் பாரத்தில் தரும் 60 சதவீதப் பங்கும் எல்லாக் குடும்பங்களுக்கும் கிடையாது. 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பை அடித்தளமாகக் கொண்ட பட்டியலில் இருப்பவர்களுக்குத்தான். மீதிக் குடும்பங்களின் சுமை முழுவதும் மாநிலத்தின் தலையில். 2011-ல் கோவிலம்பாக்கமும் படப்பையும் எப்படி இருந்தன, இப்போது எப்படி இருக்கின்றன? பழைய கணக்கை வைத்துப் பங்கு தருவதும் ஒரு குறைப்புதான், அதை டெல்லியிடம் மாநில அரசு விடாமல் கேட்க வேண்டும்.

வருமானச் சான்று இல்லாமல் மருத்துவம் தர முடியுமா என்று கேட்பவர்களை நான் எங்கள் ஊருக்கே கூப்பிடுகிறேன். சானடோரியம் என்று இந்த ரயில் நிலையத்துக்குப் பெயர் வரக் காரணமான காசநோய் மருத்துவமனையை மருத்துவர் சவுரிமுத்து 1928-ல் தொடங்கினார். இன்று அது அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை. எச்.ஐ.வி. நோயாளிகள் என்றாலே மற்ற இடங்களில் கட்டிலைத் தள்ளிப் போட்ட காலத்தில் அவர்களைச் சேர்த்துக்கொண்ட மருத்துவமனை. 2004 ஏப்ரல் 1 அன்று நாட்டில் இலவச ஏ.ஆர்.டி. கூட்டுமருந்து தொடங்கியபோது, முதலில் தொடங்கிய சில மையங்களில் தாம்பரமும் ஒன்று. அந்த மாத்திரைக்கு வருமான உச்சவரம்பு வைக்கவில்லை. ஆந்திராவிலிருந்து ரயிலேறி வந்தவர்களுக்கும் கொடுத்தார்கள். எலும்பும் தோலுமாக வந்தவர்கள் சில மாதங்களில் எடை கூடி வேலைக்குத் திரும்பினார்கள். வருமானம் கேட்காததால் அரசு திவாலாகிவிடவில்லை.

நம் மாவட்டத்திலேயே மேல்மருவத்தூரில் 2021 டிசம்பர் 18 அன்று தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்திலும் அப்படித்தான். சாலை விபத்தில் அடிபட்டவர் எந்த ஊர், எந்த மாநிலம், என்ன சம்பளம் என்று கேட்பதில்லை. முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை அரசு ஏற்கிறது. பெருங்களத்தூரிலும் வண்டலூரிலும் லாரி மோதிக் கிடந்த எத்தனையோ பேர் இதனால் பிழைத்திருக்கிறார்கள். ஆனால் 49-வது மணி நேரத்தில் அட்டைக் கேள்வி வந்துவிடும். அட்டை உள்ளவருக்கு அதே கட்டிலில் சிகிச்சை தொடரும். இல்லாதவர் கைப்பணம் கட்ட வேண்டும், அல்லது அந்த நிலையிலேயே அரசு மருத்துவமனைக்கு மாற வேண்டும். தலையில் அடிபட்டு வென்டிலேட்டரில் இருக்கும் ஆட்டோ ஓட்டுநரின் மனைவி அந்த 48 மணி நேரத்துக்குள் எங்கே போய் வருமானச் சான்று வாங்குவாள்?

அடுத்த ஒப்பந்தத்தில் எனக்கு வேண்டியவை அதிகம் இல்லை. உச்சவரம்பை இ.எஸ்.ஐ. வரம்பான மாதம் 21,000-க்காவது உயர்த்தி, ஆண்டுதோறும் விலைவாசிக்கு ஏற்பத் தானாக உயரும்படி எழுதுங்கள். டயாலிசிஸ், புற்றுநோய், உறுப்பு மாற்று நோயாளிகளுக்கு வருமானம் ஏறினாலும் சிகிச்சை முடியும்வரை அட்டையை எடுக்காதீர்கள். ஒப்புதல் மறுக்கப்பட்டால், என்ன காரணம் என்று தமிழில், எழுத்தில், நோயாளி கையில் கொடுங்கள். இப்போது தொலைபேசியில் "ரிஜெக்ட் ஆயிடுச்சு" என்று ஒரு சொல்தான் வருகிறது. மேல்முறையீடு செய்யக்கூட அதில் ஒன்றும் இல்லை.

டெண்டர் நிபந்தனைகளை இறுதி செய்வதற்கு முன் ஒவ்வொரு மாவட்டத்திலும் அட்டைதாரர்களைக் கூப்பிட்டுக் கேளுங்கள். செங்கல்பட்டு மாவட்டத்துக் கூட்டத்தை வெண்பாக்கத்தில் வைக்க வேண்டாம், தாம்பரத்தில் வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் வையுங்கள். டயாலிசிஸ் நோயாளிகள் பலருக்கு அன்றுதான் இயந்திரம் இல்லாத நாள்; வீட்டு வேலைக்குப் போகும் பெண்களும் அந்த நேரத்துக்கு வேலை முடித்து வந்துவிடுவார்கள்.